கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்தால் வலி மாத்திரை போதை குறையுமா? உடலுக்கும் வேலைக்கும் என்ன ஆகும்? பெரம்பலூர், அரியலூருக்கான முழு விளக்கம்

அமெரிக்காவில் 24 மாநிலங்களில் 21 வயது நிரம்பியவர் சட்டப்படி கஞ்சா வைத்துக்கொள்ளலாம். கனடாவில் 2018-ம் ஆண்டு அக்டோபர் முதல் கடையிலேயே வாங்கலாம். ஜெர்மனியில் 2024-ம் ஆண்டு ஏப்ரல் முதல் குறிப்பிட்ட அளவு வரை வைத்திருப்பது குற்றமில்லை. இங்கே பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டால் வழக்கு, நீதிமன்றம், சிறை.

இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு செல்போனில் சுற்றும் வீடியோக்கள் ஏராளம். "கஞ்சா ஒரு மூலிகைதானே?", "அதைத் திறந்துவிட்டால் உயிரை எடுக்கும் மாத்திரை போதை தானாகக் குறைஞ்சிடும்", "அமெரிக்காவிலேயே நிரூபிச்சிட்டாங்க" என்றெல்லாம் அதில் பேசுகிறார்கள். இதில் எது உண்மை, எது பாதி உண்மை?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. அரியலூர் என்றால் சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், இரவு பகலாக ஓடும் டிப்பர் லாரிகள். பெரம்பலூர் என்றால் கல் குவாரிகள், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் காடுகள், நடுவே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை. மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி, இரவு ஷிப்டில் லாரி ஓட்டுகிறவருக்குத் தூக்கம், களையெடுக்கிறவருக்கு முழங்கால் வலி. வலி, போதை, வேலைப் பாதுகாப்பு என்ற மூன்றும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கும் ஊர்கள் இவை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா முழுவதற்கும் ஒரே சட்டம்தான். 1985-ம் ஆண்டு நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் அது. காவல் நிலையத்தில் 'என்டிபிஎஸ்' என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூ, காய் உள்ள நுனிப்பகுதி. அதிலிருந்து எடுக்கும் பிசின் சரஸ். நுனிப்பகுதி சேராத வெறும் இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. வட மாநிலங்கள் சிலவற்றில் இலையை அரைத்துச் செய்யும் 'பாங்கு' உரிமம் பெற்ற கடையில் கிடைப்பது இதனால்தான். ஆனால் தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பாங்கையும் போதைப்பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இருந்து சிமென்ட் ஆலை வேலைக்கு வருகிறவர் "எங்க ஊர்ல கடையில விக்கிறாங்க" என்று சொன்னாலும் இங்கே அது செல்லாது.

தண்டனை எடையைப் பொறுத்து மாறும்.

1 கிலோ வரை 'சிறிய அளவு'. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

1 கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. இந்த அளவுக்கு ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம்.

புகைத்தாலே குற்றம்தான். கஞ்சா பயன்படுத்தியதற்கு மட்டும் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

விற்பனையாளர் என்றால் தமிழ்நாட்டில் இன்னொரு கத்தியும் தொங்குகிறது. 1982-ம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் உண்டு. ஓராண்டு வரை விசாரணை இல்லாமலே காவலில் வைக்கலாம். 2021-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' நடவடிக்கைகளில் ஆந்திரா - ஒடிசா எல்லை மலைப்பகுதியில் இருந்து வரும் கஞ்சாவைத் தடுப்பதும், விற்றவர்களின் வங்கிக் கணக்குகளை முடக்குவதும் சேர்ந்தே நடந்தன.

அப்போ 'ஓபியாய்டு' என்றால் என்ன?

கஞ்சாவையும் ஓபியாய்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவாதத்தின் முதல் சிக்கல். இரண்டும் வேறு வேறு.

அபின் செடியில் இருந்து வருபவையும், அதேபோல வேலை செய்யும்படி ஆய்வகத்தில் தயாரிக்கப்படுபவையும் ஓபியாய்டுகள். மார்ஃபின், ஹெராயின், ஃபெண்டனில், டிரமடால், டேபெண்டடால் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளும் இதில் உண்டு. அளவு மீறினால் மூச்சு விடும் வேகத்தை இவை குறைக்கும். தூக்கத்திலேயே மூச்சு நின்று உயிர் போவது இப்படித்தான்.

கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி என்ற வேதிப்பொருள். அது மூச்சை இப்படி நிறுத்துவதில்லை. அதனால் 'ஓவர்டோஸ்' மரணம் என்று பார்த்தால் ஓபியாய்டு பல மடங்கு ஆபத்தானது. "கஞ்சா பரவாயில்லை" என்ற வாதம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஓபியாய்டு பிரச்சினை எப்படி இருக்கிறது? இங்கே அது பெரும்பாலும் 'போதை மாத்திரை' என்ற பெயரில் வருகிறது. டிரமடாலை மத்திய அரசு 2018-ம் ஆண்டு ஏப்ரலில் என்டிபிஎஸ் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு காவல்துறை பறிமுதல் செய்திகளில் அதிகம் அடிபடும் பெயர் டேபெண்டடால். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மெடிக்கல் ஷாப்பும் விற்கக் கூடாத வலி நிவாரணி இது. இதைத் தூளாக்கிக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களின் உயிரைப் பறித்த செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மாவுப் பொருட்கள் இருக்கும். ரத்தத்தில் நேராகப் போனால் அவை நாளங்களை அடைக்கும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி தொற்றும்.

நாட்டளவில் கணக்கு எடுத்தது மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 3.1 கோடிப் பேர் ஓராண்டுக்குள் பாங்கு, கஞ்சா, சரஸில் ஏதோ ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஓபியாய்டு பயன்படுத்தியவர்கள் சுமார் 2.26 கோடி. ஆனால் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் என்று பார்த்தால் ஓபியாய்டு முந்துகிறது: சுமார் 77 லட்சம் பேர். கஞ்சா வகையில் சுமார் 72 லட்சம். பயன்படுத்துவோர் குறைவு, சிக்கிக்கொள்வோர் அதிகம். ஓபியாய்டின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு இதுவே போதும்.

கஞ்சா அனுமதி ஓபியாய்டு மரணங்களைக் குறைத்ததா?

வீடியோக்கள் சொல்லும் 'அமெரிக்க நிரூபணம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

2014-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வெளியானது. மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில், 1999 முதல் 2010 வரையிலான காலத்தில், ஓபியாய்டு மரண விகிதம் மற்ற மாநிலங்களைவிடச் சராசரியாக 24.8 சதவீதம் குறைவாக இருந்தது என்றது அந்த ஆய்வு. உலகம் முழுக்க அது பெரிய செய்தி ஆனது. கஞ்சா நிறுவனங்கள் அதையே விளம்பரமாக்கின. "வலிக்கு மாத்திரைக்குப் பதில் கஞ்சா" என்ற கோஷம் அப்போது பிடித்த வேகம்தான் இன்றும் ஓடுகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019-ல் வேறு ஆய்வாளர்கள் அதே முறையை எடுத்து, கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்தார்கள். முடிவு தலைகீழ். அனுமதித்த மாநிலங்களில் மரண விகிதம் 22.7 சதவீதம் அதிகம் என்று வந்தது.

அப்படின்னா கஞ்சா அனுமதி மரணத்தை அதிகமாக்கியதா? அதையும் அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மரணம் கூடியதற்கும் குறைந்ததற்கும் வேறு காரணங்கள் இருக்கின்றன, கஞ்சா சட்டத்தோடு அதை முடிச்சுப் போடக் கூடாது என்பதே அவர்கள் சொன்னது. உதாரணத்துக்கு, ஃபெண்டனில் என்ற மிகக் கடுமையான ஓபியாய்டு கள்ளச் சந்தையில் புகுந்ததுதான் 2013-க்குப் பிறகு அமெரிக்காவில் மரணங்களை எகிற வைத்தது. 2022-ல் மட்டும் அங்கே 80,000-க்கும் மேற்பட்டோர் ஓபியாய்டால் இறந்தார்கள். அப்போது பல மாநிலங்களில் கஞ்சா கடைகள் திறந்தே இருந்தன.

அதற்காக, கஞ்சாவில் வலிக்கு மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2017-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கஞ்சா பயன் தருவதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. ஒரு நோயாளிக்கு மருத்துவர் கண்காணிப்பில் உதவுவது வேறு; ஒரு மாநிலமே கடை திறப்பதால் மாத்திரை மரணம் குறையும் என்பது வேறு. முதலாவதுக்கு ஆதாரம் உண்டு. இரண்டாவதுக்கு இல்லை.

இந்தியாவிலும் இதே வாதத்துக்கு ஒரு வடிவம் உண்டு. பஞ்சாபின் பாட்டியாலா தொகுதி எம்.பி.யாக இருந்த இதய மருத்துவர் தரம்வீர் காந்தி, 2016-ல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அபின், கஞ்சா போன்ற இயற்கைப் பொருட்களை 1985 சட்டம் அடைத்ததால்தான் மக்கள் ஹெராயின், ரசாயனப் போதைக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது அவருடைய வாதம். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் 'ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கும்' என்ற அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. டிரமடாலுக்குப் பூட்டு போட்டபின் டேபெண்டடால் வந்ததை நாமே பார்த்தோம்.

பொது சுகாதாரத்தில் லாபம் என்ன, நஷ்டம் என்ன?

அனுமதி கொடுத்த நாடுகள் சிலவற்றில் நல்லதும் நடந்திருக்கிறது. சிறிய அளவுக்காகக் கைதாகிறவர்கள் குறைந்தார்கள். அமெரிக்காவில் கஞ்சா பயன்பாடு இரு தரப்பிலும் ஏறக்குறைய சமமாக இருந்தும், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர் மூன்று மடங்குக்கும் மேல் கைதானார்கள். அந்த அநீதியைக் குறைக்கத்தான் பலரும் அனுமதி கேட்டார்கள். 2014 ஜனவரியில் கடை திறந்த கொலராடோ மாநிலம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் வரி வசூலித்திருக்கிறது. பாக்கெட்டில் எவ்வளவு டிஹெச்சி என்று எழுதியிருக்கும். கலப்படம் குறையும்.

நஷ்டக் கணக்கும் உண்டு. கனடாவில் மிட்டாய், சாக்லேட் வடிவில் கஞ்சா விற்க அனுமதி வந்தபின், தெரியாமல் தின்றுவிட்டு மருத்துவமனைக்கு வரும் சிறு குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. அமெரிக்காவில் அனுமதி கொடுத்த ஐந்து மாநிலங்களை எடுத்துப் பார்த்த ஆய்வில், காயம் ஏற்படும் சாலை விபத்து விகிதம் சுமார் 6 சதவீதம் உயர்ந்திருந்தது.

மனநலம் இன்னொரு கவலை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, வீரியம் அதிகமான கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்றது. பதின்ம வயதில் தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடுதல், ஏன்னா மூளை வளர்ச்சி 25 வயதை ஒட்டித்தான் முழுமை அடைகிறது. கர்ப்பிணிகள் புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும்.

தாய்லாந்தின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. 2022 ஜூனில் ஆசியாவில் முதல் நாடாகக் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தது. முழுமையான ஒழுங்குமுறைச் சட்டம் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. எதிர்ப்பு கிளம்பியது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்பனை என்று அரசு திருப்பிக் கட்டியது. கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை, விதிகளை எழுதி அமல்படுத்துவது ஆண்டுக்கணக்கான வேலை என்பதை அந்த மூன்று ஆண்டுகள் காட்டின.

"டாஸ்மாக் மாதிரி அரசே நடத்தினால்?"

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2003-ம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் நடத்துகிறது. 2024-25 நிதியாண்டில் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அரசு கடை இருந்தால் கள்ளச் சரக்கு ஒழியும் என்பது அப்போதும் சொன்ன காரணம்தான்.

ஆனால் 2024 ஜூனில் பெரம்பலூருக்கு வடக்கே இருக்கும் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடை பக்கத்திலேயே இருந்தது. கையில் இருந்த காசுக்குக் கள்ளச் சாராயம்தான் கிடைத்தது. சட்டப்படி விற்பனை வந்தாலும் விலை, வரி, வறுமை மூன்றும் கள்ளச் சந்தையை வாழ வைக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியா வரை போக வேண்டாம்.

வேலை இடத்தில் என்ன ஆகும்?

அரியலூருக்கு முக்கியமான கேள்வி இதுதான். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுநர். சனிக்கிழமை இரவு கஞ்சா புகைத்தார். புதன்கிழமை காலை நிதானமாக வேலைக்கு வந்தார். அன்று சிறுநீர்ப் பரிசோதனை நடந்தால்?

'பாசிட்டிவ்' என்று வர வாய்ப்பு உண்டு. மதுவும் கஞ்சாவும் உடலில் நடந்துகொள்ளும் விதம் வேறு. மது சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். கஞ்சாவின் போதையும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் அதன் கழிவுப்பொருள் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும். எப்போதாவது புகைப்பவருக்குச் சில நாட்கள், தினமும் புகைப்பவருக்குச் சில வாரங்கள் வரை சிறுநீரில் தெரியும். ஆக, இந்தப் பரிசோதனை 'எப்போதோ பயன்படுத்தினார்' என்று சொல்லும். 'இப்போது போதையில் இருக்கிறார்' என்று சொல்லாது.

அனுமதி கொடுத்த இடங்களில் பெரிய சண்டையே இதில்தான். கலிஃபோர்னியா 2024 ஜனவரி முதல் ஒரு விதி கொண்டுவந்தது. வேலை நேரத்துக்கு வெளியே பயன்படுத்தியதைக் காட்டும் கழிவுப்பொருளை மட்டும் வைத்து ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் போக்குவரத்துத் துறை எந்த மாநிலத்திலும் சலுகை காட்டுவதில்லை. கடையில் சட்டப்படி வாங்கியிருந்தாலும் பரிசோதனையில் தோற்றால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. அதாவது, ஆபத்தான வேலைக்கு அனுமதி கொடுத்த நாட்டிலும் அனுமதி இல்லை.

இந்தியாவில் நிலைமை என்ன? விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 2022 ஜனவரி 31 முதல் கஞ்சா, ஓபியாய்டு உள்ளிட்ட பொருட்களுக்குத் திடீர் பரிசோதனை விதி இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. மதுவுக்கு அதில் எண் உண்டு: 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். போதைப்பொருளுக்கு அப்படி எண் இல்லை. 'வாகனத்தைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தால்' என்பதுதான் அளவுகோல். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதைவிடப் பலருக்கும் தெரியாத ஒரு விதி இழப்பீடு பற்றியது. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தே தொடரும் விதி அது. வேலையில் காயம் பட்டவர் அந்த நேரத்தில் மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்து, அதுவே விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால், முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. இதில் இரண்டு விலக்குகள் உண்டு. தொழிலாளி இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ இந்தக் காரணத்தைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது.

இங்கே மேலே சொன்ன பரிசோதனைச் சிக்கல் திரும்ப வருகிறது. விரல் போன கான்ட்ராக்ட் தொழிலாளியின் சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருந்தால் மட்டும் போதாது. விபத்து நேரத்தில் அவர் போதையில் இருந்தார், அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும். சிறுநீர் ரிப்போர்ட்டைக் காட்டி "உனக்குக் காசு கிடையாது" என்று யாராவது சொன்னால், அதோடு விட்டுவிடாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தையோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம்.

வலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மருத்துவர் எழுதிய டிரமடால், டேபெண்டடால் கூட மயக்கத்தையும் தூக்கத்தையும் தரும். எடுத்துக்கொண்டு கனரக வாகனம் ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்பது ஆபத்து. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதுவோடு சேர்த்தால் மூச்சுத் திணறல் ஆபத்து பல மடங்கு.

தமிழ்நாடு அரசு நினைத்தால் அனுமதிக்க முடியுமா?

போதைக்காகப் பயன்படுத்த அனுமதிக்க முடியாது. என்டிபிஎஸ் மத்திய அரசின் சட்டம். மருத்துவ, அறிவியல் தேவைக்கும், நார், விதை போன்ற தொழில் தேவைக்கும் மட்டுமே அதில் வழி இருக்கிறது.

அந்த வழியைச் சில மாநிலங்கள் பயன்படுத்துகின்றன. போதை மிகக் குறைந்த தொழிற்சாலை ரகத்தைப் பயிரிட உத்தராகண்ட் 2018-ல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் சாகுபடி செய்யலாம் என்று இமாச்சலப் பிரதேச சட்டமன்றம் 2024 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. கஞ்சாச் செடி விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஆன்லைனில் 'ஹெம்ப்' என்ற பெயரில் விற்பது இதனால்தான்.

2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிக ஆபத்தான பொருட்களின் பட்டியலில் இருந்து எடுத்தது. 27 நாடுகள் ஆதரவு, 25 நாடுகள் எதிர்ப்பு. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் நாட்டுக்குள் சட்டம் மாறவில்லை. "ஐ.நா.வே ஓகே சொல்லிடுச்சு" என்று நம்பிப் பிடிபட்டால் நீதிமன்றத்தில் அது எடுபடாது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சட்டம் அளவுக்கு மீறி இறுகினால் நோயாளியும் பாதிக்கப்படுவார். 1985-க்குப் பிறகு உரிமச் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்வதையே நிறுத்தின. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் வலியிலேயே துடித்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தித்தான் அத்தியாவசிய வலி மருந்துகளுக்கு வழியை எளிதாக்கினார்கள்.

வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால் என்ன செய்வது?

எய்ம்ஸ் ஆய்வு சொன்ன ஒரு விஷயம் மனதைப் பிசையும். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்றவர்கள் ஏன் போகவில்லை? "ஊருக்குத் தெரிஞ்சிடும்", "போலீஸ் பிடிச்சிடும்", "வேலை போயிடும்" என்ற பயம் முக்கியக் காரணம்.

அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவு: போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்க முடியாது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் பாதுகாப்பும் போகும். விற்றவர்களுக்கும் பெரிய அளவு கடத்தியவர்களுக்கும் இது பொருந்தாது. 39-வது பிரிவின்படி, தண்டனை பெற்றவரையும் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

எங்கே போவது? அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். ஓபியாய்டுக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் உடல் வலி, வாந்தி, நடுக்கம் வரும். அதைத் தாங்க முடியாமல்தான் திரும்பப் போகிறார்கள். அதற்கு மாற்று மருந்துகள் உண்டு. கஞ்சாவை நிறுத்தும்போது தூக்கமின்மை, எரிச்சல் சில வாரம் இருக்கும்; ஆலோசனை பெரிதும் உதவும். வீட்டில் கட்டிப்போடுவதும் அடிப்பதும் சிகிச்சை இல்லை.

வலிதான் தொடக்கம் என்றால் வலிக்கே முதலில் வைத்தியம் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. நாள்பட்ட முதுகு வலிக்கு உடற்பயிற்சியும் வேலை செய்யும் முறையை மாற்றுவதும் மாத்திரையைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஒருவர் மாத்திரையோ ஊசியோ எடுத்துவிட்டு எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து உண்டு. எது எடுத்தார் என்று தெரிந்தால் டாக்டர் அதை உடனே கொடுக்க உதவும்.

கடைசியாக

கஞ்சாவை அனுமதிக்கலாமா கூடாதா என்ற விவாதம் டெல்லியில் இன்னும் பல ஆண்டு ஓடலாம். அனுமதி வந்தாலும் மாத்திரை மரணம் அதனால் குறையும் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. லாரி ஓட்டுகிறவருக்கு அனுமதி கொடுத்த அமெரிக்க மாநிலங்களிலும் சலுகை இல்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒன்று சிகிச்சை மட்டும்தான். அந்தக் கதவு இன்றே திறந்திருக்கிறது.

உதவிக்கு:
போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச எண்: 14446
மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண்: 14416
தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104
போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் தர: 10581
அவசர ஆம்புலன்ஸ்: 108